வேங்கிக்காலில் நனையாத திங்கட்கிழமைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசாதாரணச் சக்தி உள்ள மனிதர்களைத் தேடிப் பிடிக்கும் ஒரு ரகசியப் பிரிவில் என் சர்வீஸ் முழுவதும் போயிற்று. அத்தனை வருஷத்தில் உண்மையான ஆள் என்று என் கண்ணில் பட்டது ஒரே ஒருத்திதான். அவளையும் நான் தேடிப் பிடிக்கவில்லை. அவளாகவே எங்கள் ஆபீசுக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, தன் குறையைச் சொன்னாள். "எழுதிக்கிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பிய புத்திசாலி நான்தான்.

இப்போது அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் பிரயோஜனப்படும் என்று எழுதுகிறேன். ஆட்களின் பேரை மட்டும் மாற்றியிருக்கிறேன். எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "தாராளமா எழுதுங்க சார், உங்கள யாரு நம்பப்போறாங்க" என்றாள். அனுமதி கிடைத்துவிட்டது.

போர்டு

கலெக்டர் ஆபீசிலிருந்து கொஞ்சம் தள்ளி, வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. திருவண்ணாமலையில் எதற்கு என்று கேட்கலாம். சக்தி இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இங்கே ஜாஸ்தி, அதனால் நிஜமான ஆளும் இங்கேதான் இருப்பான் என்று டெல்லியில் யாரோ கணக்குப் போட்டுவிட்டார்கள். செங்கம் ரோட்டில் ஒருவர் அந்தரத்தில் உட்காருகிறார் என்று கேள்விப்பட்டு நான் பல நாள் பின்தொடர்ந்தேன். அவருடைய வெளிநாட்டுச் சீடர் கோபித்துக்கொண்டு, காவித் துணிக்குள் வைத்திருந்த இரும்பு ஸ்டூலோடு ஊரைவிட்டுப் போனதும் அவர் தரையில் உட்கார ஆரம்பித்தார். என் ரிப்போர்ட்டில் "சக்தி தற்காலிகமாக இல்லை" என்று எழுதினேன்.

மேலதிகாரி ராகவன் சார். சென்னைக்காரர், டெல்லியில் ரொம்ப நாள் இருந்துவிட்டு வந்தவர். ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

"குமரேசன், வெளியில ஒரு போர்டு மாட்டணும். யாரும் உள்ள வரக்கூடாது. படிச்சாலே கொட்டாவி வர்ற மாதிரி ஒரு பேரு சொல்லுய்யா."

யோசித்துப் பார்த்து, "மழைப்பொழிவுப் பதிவு உபகோட்டம்" என்றேன். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பொருத்தமாக இருக்கட்டும் என்று மொட்டை மாடியில் ஒரு மழைமானியும் வைத்தோம். அந்தப் பெயரை நான் வைத்தேன் என்பதில் எனக்குக் கொஞ்ச நாள் பெருமைகூட இருந்தது.

திங்கட்கிழமை வந்தது. வேங்கிக்கால் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் மனுவோடு ஜனங்கள் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். அங்கே கூட்டம் ஜாஸ்தியாக இருந்தால் பக்கத்தில் எந்த கவர்மெண்ட் போர்டு தெரிகிறதோ அங்கே நுழைந்துவிடுவார்கள். பத்து மணிக்கெல்லாம் எங்கள் பெஞ்சு நிறைந்துவிட்டது. பட்டா, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் மருமகள் பெயர். எங்கள் டிரைவர் ஜாகீர் பாய் இந்த ஊர்க்காரர். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

"கவர்மெண்ட் போர்டு மாட்டிட்டு ஆளு வரக்கூடாதுன்னா எப்படி சார்? நீங்க பிரியாணிக் கடைன்னு மாட்டியிருந்தாகூட கூட்டம் கம்மியா இருந்திருக்கும்."

ராகவன் சார் கதவுச் சந்து வழியாகப் பார்த்துவிட்டு உத்தரவு போட்டார். "விரட்டினா சந்தேகம் வரும். மனு வாங்கினா வேலை வரும். ரெண்டும் கூடாது. நீ பாத்துக்க." அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் என் ரகசியப் பணி என்பது, வந்தவர்களிடம் "இது அந்த ஆபீஸ் இல்லம்மா, அடுத்த பில்டிங்" என்று சொல்வதுதான். அந்த வாக்கியத்தில் எனக்கு நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

எழுதிக்கிட்டு வாம்மா

ஐப்பசி மழை ஆரம்பித்திருந்த சமயம். ஒரு திங்கட்கிழமை, முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் வந்தாள். கையில் மனு இல்லை.

"சார், இது மழ ஆபீஸ்தானே?"

"ஆமா. மனு எங்கம்மா?"

"எழுதல சார். வாயால சொல்றேன். எழுதினா யாராச்சும் படிச்சிடுவாங்க."

"எழுதாம இங்க எதுவும் எடுக்க மாட்டோம். எழுதிக்கிட்டு வா."

போய்விட்டாள். அடுத்த திங்கட்கிழமையும் வெறுங்கையோடு வந்தாள். அதே பேச்சு, அதே பதில். மூன்றாம் தடவை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வவுறு வலின்னா டாக்டருகிட்ட எழுதியா சார் குடுப்பாங்க?" என்றாள். சிரிப்பு வந்தது. சரி, சொல்லு என்றேன்.

பெயர் செல்வி. அப்பா அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். போளூர் ரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் அங்கே வாழப்போன நாளிலிருந்து அந்த ஊரில் மழை இல்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லாம் பெய்கிறது, அங்கே மட்டும் இல்லை. மாமியார் கன்னியம்மா அவளை ராசியில்லாதவள் என்று வாய்க்கு வாய் சொல்லியிருக்கிறாள்.

"அவரு என்ன சொல்றாரு, உன் வீட்டுக்காரரு?"

"அவரு ஒண்ணும் சொல்லல சார். மழ வருமான்னு வானத்தப் பாப்பாரு, அப்புறம் என்னப் பாப்பாரு. அதத்தான் என்னால தாங்க முடியல."

அதனால் அவளாகவே கிளம்பி டவுனுக்கு வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் பெட்ஷீட் துவைத்துக் காயப்போடுகிற வேலை. திங்கட்கிழமை லீவு.

"நான் இருக்கிற எடத்துல மழ பெய்யுதா இல்லையான்னு அளந்து பாத்து சொல்லுங்க சார். நீங்க மழ ஆபீசு. 'இவளால இல்ல'ன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதும், நான் வூட்டுக்குப் போயிடுவேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவள் மேல் இல்லை, அந்த மாமியார் மேல். நிமிர்ந்து உட்கார்ந்து பெரிய பிரசங்கமே செய்தேன். காற்றழுத்தத் தாழ்வு என்றால் என்ன, வடகிழக்குப் பருவக்காற்று எங்கிருந்து வருகிறது, எல்லாம் சொன்னேன். "ஒரு ஆளால மழை நிக்குமாம்மா? மூடநம்பிக்கை. இந்தக் காலத்துலயும் இப்படியா?" என்றேன். பெஞ்சில் இருந்த மற்றவர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

அவளுக்குத் திருப்தி இல்லை. "அளக்காமயே சொல்றீங்களே சார்" என்றாள்.

"அளக்கலாம், அளக்கலாம். வாராவாரம் வா, பாக்கலாம்" என்று அனுப்பிவைத்தேன்.

நான் அந்தப் பிரசங்கம் செய்தபோது என் மேஜை மேல் டெல்லி உத்தரவு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. திருவண்ணாமலையில் மழையை நிறுத்தும் ஆள் ஒருவர் நடமாடுகிறார், உடனே கண்டுபிடிக்கவும் என்பதுதான் அதில் இருந்த விஷயம்.

தலைக்கு மேல் வட்டம்

டெல்லியிலிருந்து செயற்கைக்கோள் எடுத்த மழைப்படங்கள் வரும். ஊர் முழுக்க மழை, நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் காய்ந்து கிடக்கும். ஒரு கிராமத்தை மூடுகிற அளவு இருக்கும் அந்த வட்டம். வாரத்தில் பெரும்பாலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிற்கும்.

அந்த ஆளைப் பிடித்தால் வடக்கே ஒரு முகாமுக்கு அனுப்ப வேண்டும். முகாம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்கே சொல்ல மாட்டார்கள், வீட்டாருக்குச் சொல்வார்களா? வெள்ளம் வருகிற இடத்துக்கு ஒரு நாள், வேண்டாத நாட்டு எல்லைக்கு ஒரு நாள் என்று அந்த ஆளை மூட்டைபோல் தூக்கிக்கொண்டு திரிவார்கள். நாங்கள் அப்போது அதைப் பற்றியெல்லாம் யோசிக்கவில்லை. பிடித்தால் பிரமோஷன் என்று மட்டும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்த் தேடினோம். ஒரு லாட்ஜ் எதிரில் நீளத் தாடியோடு ஒரு சாமியார் இருந்தார். இவர்தான் என்று ராகவன் சார் முடிவுகட்டிவிட்டார். டீக்கடையில் உட்கார்ந்து அவரைக் கவனித்தது நான். ஜாகீர் பாய் மேலே பார்த்து, "சார், இந்த லாட்ஜ் மொட்டமாடியில மழ நாள்லகூட பெட்ஷீட் காயுது பாருங்க" என்றார். "அத விடுங்க பாய், சாமியாரு கைய தூக்குறாரு பாருங்க" என்றேன். அவர் கொசு அடித்தார்.

அப்புறம்தான் ராகவன் சாருக்குத் தூக்கம் போகிற ஒரு விஷயம் தெரிந்தது. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், திங்கட்கிழமைகளில் அந்த வட்டம் பஸ் ஸ்டாண்டில் இல்லை. நேராக வேங்கிக்காலுக்கு வந்து எங்கள் ஆபீஸ் தலைமேல் நிற்கிறது. மழைமானியும் திங்கட்கிழமைகளில் காலி.

"நம்மள வேவு பாக்கறான்யா! நாம அவனத் தேடறோம், அவன் நம்ம வாசலுக்கு வந்துட்டுப் போறான்!"

அடுத்த திங்கட்கிழமை ஜன்னல்களுக்கெல்லாம் பேப்பர் ஒட்டினோம். ராகவன் சார் பைனாகுலரோடு மாடியில் உட்கார்ந்து நாலா பக்கமும் பார்த்தார். நான் கீழே வாசலில் நின்று போகிற வருகிறவர்களை முறைத்தேன். அந்த நேரம் செல்வி எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, பென்ஷன் மனுவோடு வந்த ஒரு பெரியவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "சார், இன்னிக்காவது அளப்பீங்களா?" என்று கேட்டாள். "ஒரு முக்கியமான வேலையில இருக்கேம்மா, தொந்தரவு பண்ணாத" என்றேன்.

செருப்போடு போனவன்

பௌர்ணமி வந்தது. மதியமே திதி பிறந்துவிட்டதால் ஜனங்கள் பகலிலேயே கிரிவலம் கிளம்பிவிட்டார்கள். மழையும் விடாமல் பெய்தது. சாமியாரும் சுற்றப் போகிறார், அவரைத் தொடர வேண்டியது நான். அன்றைக்கு மட்டும் டெல்லியில் சொல்லி நேரடிப் படத்துக்கு ராகவன் சார் அனுமதி வாங்கியிருந்தார். மற்ற நாளில் படம் வந்து சேர நாள் கணக்கில் தாமதமாகும். அவர் வேனில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து எனக்குப் போனில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

ரகசியமாகப் பின்தொடரப் போனவன் ஷூ போட்டுக்கொண்டு போனேன். பத்தடி போவதற்குள், "யோவ், செருப்பு! செருப்பு!" என்று நாலு பக்கமும் சத்தம். அத்தனை ஆயிரம் பேரில் காலில் ஷூ போட்டவன் நான் ஒருத்தன்தான். கழற்றிப் பைக்குள் போட்டேன். அது வரைக்கும் என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத சாமியார் அப்போது நன்றாகப் பார்த்தார்.

அக்னி லிங்கம் தாண்டியதும் இன்னொரு கஷ்டம். யாரோ தொன்னையில் தயிர்சாதம் கொடுக்க, சாமியார் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். நான் கூட்டத்தோடு கூட்டமாக அவரைத் தாண்டிவிட்டேன். திரும்பிப் போகவும் முடியாது. எல்லாரும் மலையை வலமாகச் சுற்றும்போது ஒருத்தன் மட்டும் எதிரில் வந்தால், ஷூவுக்கு வந்ததைவிடப் பெரிய சத்தம் வரும். அப்படியே நடந்தேன். வெறுங்கால், ஜல்லி, நான் நொண்ட ஆரம்பித்துவிட்டேன்.

"சார், மழ ஆபீஸ் சார்தானே?" என்று ஒரு குரல். செல்வி. என் காலைப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஓரமா மண்ணுல நடங்க சார்" என்று கூடவே மெதுவாக நடந்தாள். பையிலிருந்து சுண்டல் கொடுத்தாள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வருண லிங்கத்துக்கு வேண்டிக்கொண்டு சுற்றுகிறாளாம். மழைக்கடவுளிடம் மனு போட்டவளுக்கு இடையில் நான் ஒரு ஆபீசர்.

போன் அடித்தது. ராகவன் சார் குரலே மாறியிருந்தது.

"குமரேசன், சாமியார் எங்க?"

"பின்னாடி தயிர்சாதம் சாப்பிடறாரு சார்."

"வட்டம் அங்க இல்லய்யா. முன்னாடி போயிட்டிருக்கு. நீ எங்க?"

"எம லிங்கம் தாண்டிட்டேன் சார்."

"நில்லு" என்றார். நின்றேன். செல்வியும் நின்றாள். "நட" என்றார். நடந்தேன். அவளும் நடந்தாள். "சரி, வெச்சுடு" என்று அவரே போனை வைத்துவிட்டார்.

எங்களைச் சுற்றி ஒரு சொட்டு மழை இல்லை. தூரத்தில் மலைமேல் கொட்டுவது தெரிந்தது. நானும் கவனித்தேன். அப்படியானால் அந்த ஆள் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று, போகிறவர்களில் யாருக்குத் தாடி நீளம் என்று பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் சுண்டல் கொடுத்தவளைப் பார்க்கத் தோன்றவில்லை.

வருண லிங்கத்தில் கும்பிட்டுவிட்டு வந்து அவள் கேட்டாள். "சார், சாமி சத்தியமா சொல்லுங்க. ஒரு ஆளால மழ நிக்காதுதானே?"

கண் கலங்கியிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "நிக்கவே நிக்காதும்மா. கவர்மெண்ட் ஆபீசர் சொல்றேன். தைரியமா உன் வீட்டுக்குப் போ. உன் மாமியார் ஏதாவது சொன்னா, வேங்கிக்கால் மழை ஆபீஸ்ல சொன்னாங்கன்னு சொல்லு" என்றேன். அவள் நடுரோட்டில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குக் கால் வலிகூட மறந்துவிட்டது.

நான்தானாம்

மறுநாள் ஆபீசில் என் நாற்காலியை அறையின் நடுவில் போட்டிருந்தார்கள். ராகவன் சார் எட்டவே நின்று பேசினார்.

"திங்கக்கிழமை வாசல்ல நிக்கறது யாரு? நீ. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்காந்தது யாரு? நீ. நேத்து வட்டத்துக்கு நட்டநடுவுல இருந்தது யாரு? எத்தன வருஷமாய்யா மறச்சு வெச்சிருக்க?"

சிரிப்பீர்கள். முதல் நாள் பயந்தேன். இரண்டாம் நாள், ஒருவேளை இருக்குமோ என்று தோன்றிவிட்டது. சின்ன வயதில் நான் விளையாடப் போனால் மழை விட்டுவிடும், அதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். ஒரு களை இருக்கிற மாதிரிதான் இருந்தது. என் மனைவியிடம் ஜாடையாகச் சொன்னேன்.

"உங்களுக்கா? மழைய நிறுத்துறீங்களா? மொதல்ல பாத்ரூம் கொழாய நிறுத்துங்க, ஒரு மாசமா ஒழுகுது" என்றாள்.

திங்கட்கிழமை சோதனை. மொட்டை மாடியில் மழைமானி பக்கத்தில் என்னை நிற்கவைத்துவிட்டு, ராகவன் சாரும் டெல்லியிலிருந்து வந்த நிபுணரும் குடைக்குள் நின்றார்கள். "மனச ஒருமுகப்படுத்துங்க" என்றார் நிபுணர். படுத்தினேன். இரண்டு கையையும் தூக்கினேன். கொட்டு கொட்டென்று கொட்டியது. உள்ளாடை வரை நனைந்து, தும்மிக்கொண்டே கீழே இறங்கினேன். டென்ஷனில் சக்தி வேலை செய்யவில்லை என்று நிபுணர் எழுதிக்கொண்டார்.

கீழே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்தார்கள். பெஞ்சுக்கு மேலே கூரை ஒழுகியது. மற்ற நாளில் அங்கே நாங்கள் ஒரு வாளி வைப்போம். திங்கட்கிழமைகளில் வாளி வைக்கத் தேவையே இருந்ததில்லை. சுவர் ஓரம் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். செல்வி வரவில்லை.

வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். சூளையில் வளர்ந்தவள். பெட்ஷீட் காயப்போடுகிறவள். திங்கட்கிழமை லீவு. எல்லாவற்றையும் அவளே சொல்லியிருக்கிறாள். கவர்மெண்ட் ஆபீசர் சொல்கிறேன் என்று சொல்லி நான்தான் அவளை ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். ஜலதோஷம் என்று லீவு சொல்லிவிட்டு போளூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

நீங்க சொன்னீங்களேன்னு

பஸ்ஸில் வழி நெடுக மழை. அந்த ஊர் நெருங்கியதும் வெட்டின மாதிரி நின்றுவிட்டது. வானம் கறுத்துக் கிடக்கிறது, கீழே சொட்டு இல்லை. ஏரியில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். நட்ட நெல் வாட ஆரம்பித்திருக்கிறது, வரப்பு ஓரம் மண் வெடிக்கப் பார்க்கிறது.

செல்வி வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கன்னியம்மா கத்துவது தெருமுனை வரை கேட்டது. புருஷன் ஏழுமலை மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை.

"நீங்க சொன்னீங்களேன்னு வந்தேன் சார்" என்றாள்.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கிணற்றடிக்குக் கூட்டிப்போய் உள்ளதைச் சொன்னேன். "உன்னாலதாம்மா. நான் சொன்னது தப்பு. நாங்க அளந்து பாத்தாச்சு." எங்கள் பிரிவு என்ன பிரிவு, பிடித்தால் எங்கே கொண்டுபோவார்கள் என்பதையும் சொன்னேன்.

அவள் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தாள். "எல்லா ஊர்லயும் வந்த மருமவள சும்மானாச்சும் சொல்லுவாங்க சார். என் விஷயத்துல நெசம், பாத்தீங்களா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் கோணி அழுதாள். "நான் போயிடறேன் சார். எங்கனா போயிடறேன்."

அதற்குள் ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். பேண்ட் போட்ட ஆள் யார் என்று கேட்டார்கள். கன்னியம்மா வாசலுக்கு வந்து, "எந்த ஆபீசரு வந்து இன்னா? இவ கால் வெச்ச நேரம் ஊரே காயுது" என்றாள். அத்தனை பேரும் செல்வியைத்தான் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. நான் வேங்கிக்கால் மழை ஆபீஸ். எங்க ஆபீஸ்ல ஒரு மெஷின் வெச்சு சோதனை பண்ணோம். அதுல கோளாறாகி உங்க ஊர்ல மழை நின்னுபோச்சு. தப்பு எங்களோடது."

ஒரு ஆளால் மழை நிற்கும் என்று நம்பின அந்த ஊர், கவர்மெண்டால் நிற்கும் என்பதை இன்னும் வேகமாக நம்பிவிட்டது. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்!" என்று ஒருத்தர். "எங்க மழையத் திருப்பிக் குடுடா!" என்று இன்னொருத்தர். சட்டையைப் பிடித்துவிட்டார்கள். ஒரு மண்ணாங்கட்டி என் காதோரம் பட்டது. கன்னியம்மா மருமகளை விட்டுவிட்டு என் ஏழு தலைமுறையையும் இழுக்க ஆரம்பித்தாள். அத்தனை திட்டுக்கு நடுவிலும் நான் பார்த்தது ஒன்றைத்தான். ஏழுமலை மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, செல்வி பக்கத்தில் போய் நின்றான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வேன் வந்தது. தாமதமாக வந்த படத்தில் வட்டம் இந்த ஊரில் நிற்பதைப் பார்த்துவிட்டு ராகவன் சார் கிளம்பி வந்திருக்கிறார். வட்டத்துக்கு நடுவில் மறுபடியும் நான். ஊரே என்னைச் சூழ்ந்துகொண்டு மழையைத் திருப்பிக் கேட்கிறது. அவருக்கு வேறு சாட்சி வேண்டுமா? படத்தில் இருந்த தேதியைப் பார்த்திருந்தால், அன்றைக்கு நான் வேங்கிக்கால் ஆபீசில் அவர் எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது தெரிந்திருக்கும். எங்கள் பிரிவில் படம் பார்ப்பார்கள், தேதி பார்க்க மாட்டார்கள்.

"வண்டியில ஏறுய்யா!" என்றார். ஏறினேன். ஜாகீர் பாயைப் பார்த்து, "அந்தப் பொண்ணுக்கு டவுன்ல வேலை, பாவம், கூட ஏத்திக்குங்க பாய்" என்றேன். அவர் செல்வியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்கதவைத் திறந்துவிட்டார். ஏழுமலை ஓடிவந்து அவள் பையை ஏற்றிவிட்டு, "ஞாயித்துக்கெழம வரேன்" என்றான்.

வேன் ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். பின்னால் ஹோவென்று ஒரு இரைச்சல். ராகவன் சார் திரும்பிப் பார்த்தார். விட்டு வந்த ஊர் தெரியாத அளவுக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டிக் கண்ணாடியில் ஒரு துளி இல்லை. பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு செல்வி உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைத் தாண்டி மழையைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, பயபக்தியோடு, "நீதான்யா!" என்றார்.

"ஆமா சார்" என்றேன். சர்வீசில் நான் சொன்ன உருப்படியான பொய்கள் இரண்டு, இரண்டும் அன்றைக்குத்தான்.

முகாம்

என்னைத்தான் வடக்கே முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஆள் பிடிபட்டாயிற்று என்று, திருவண்ணாமலைப் படங்களை அதோடு யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. சக்தி வெளிப்படுகிறதா என்று தினமும் ஷவருக்கு அடியில் உட்காரவைத்தார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயால் அடித்துப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் இருந்ததில்லை. கடைசியில், சக்தி தீர்ந்துபோன ஆள் என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. ரிடையர் ஆன பிறகும் மழை நாளில் குடையோடு ஒரு ஆள் என் பின்னாலேயே வருவான். எனக்குச் சக்தி திரும்புகிறதா என்று பார்க்க, குடையை விரிக்காமல் என்னோடு சேர்ந்து அவனும் நனைவான்.

செல்வி மழை மாதங்களில் லாட்ஜில் இருப்பாள். தையில் அறுப்பு ஆரம்பித்தால் ஊருக்குப் போய்விடுவாள். களத்தில் நெல் காயும்போது மழை வரக் கூடாதே, அப்போது அவள் இருந்தால்தான் நிம்மதி. ஏழுமலைக்கு மட்டும் விஷயம் தெரியும். கன்னியம்மாவுக்குத் தெரியாது, அவள் இன்னும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பெஞ்சில் வந்து உட்காருகிறவர் சொல்வதை முடிக்கும் வரை கேளுங்கள். அவர் கையில் மனு இல்லாவிட்டாலும் கேளுங்கள். முக்கியமாக, உங்களுக்குத் தெரியாததை கவர்மெண்ட் பெயரால் சொல்லாதீர்கள்.

என் மகள் கல்யாணம் ஐப்பசியில் அமைந்தது. முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு செல்வியிடம் போனேன். மொட்டை மாடியில் பெட்ஷீட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாளே தவிர, பத்திரிகையை வாங்கவில்லை.

"நல்ல காரியத்துக்கு என்ன யாரும் கூப்புட மாட்டாங்க சார். நான் வந்தா..."

"நீ வந்தாதாம்மா கல்யாணம். பந்தல் தெருவுல போட்டிருக்கேன்" என்றேன்.

அவள் பெட்ஷீட்டில் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

கல்யாணத்தன்று ஊரெல்லாம் பேய்மழை. அவளை முதல் வரிசையில் உட்காரவைத்தேன், தாலி கட்டும்போது அட்சதைத் தட்டையும் அவளிடமே கொடுத்து எல்லாருக்கும் கொடுக்கச் சொன்னேன். பந்தலில் ஒரு சொட்டு விழவில்லை. குடைக்காரன் வாசலில் நின்று வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவசரமாக யாருக்கோ போன் போட்டான். செல்வி அவனிடமும் போய் அட்சதை கொடுத்து, "சாப்புட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லிப் பந்திக்கு அனுப்பிவைத்தாள்.